எல்லா வண்டிக்கும் ஒரே கேபிள்

விலை குறைந்த பொருள் என்றாலே மட்டமானது என்று நினைப்பவன் நான் இல்லை இன்ஸ்பெக்டர் சார். உங்கள் மேசையில் பையில் போட்டு முத்திரை வைத்திருக்கிறீர்களே, அந்த நீலக் கேபிள், அதன் விலைக்கு நல்ல செருப்புகூட வாங்க முடியாது. ஆனால் ஒன்பது வருஷம் என் பட்டறையில் உழைத்தது. என் மைத்துனன் எந்த வேலையிலும் அத்தனை காலம் நிலைத்ததில்லை. செத்துப்போனவனைக் குறை சொல்லக் கூடாதுதான், ஒரு தகவலுக்காகச் சொன்னேன்.

ஒரு முனையை ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் செருக வேண்டும். மறுமுனை லேப்டாப்பில். வண்டிக்கு என்ன நோவு என்று திரையில் வந்துவிடும். உண்மையில் அது ஒரே ஒரு கம்பெனியின் கார்களுக்காகச் செய்தது. நான்தான் எல்லா கம்பெனி வண்டிக்கும் போட்டுப் பழகினேன். தெருவில் எனக்குக் கேபிள் அண்ணன் என்றே பெயர்.

எஞ்சின் விஷயத்தில் எல்லா கம்பெனியும் ஒரு பொது பாஷை பேசும், அதனால் தொல்லை இல்லை. பிரேக், காற்றுப்பை என்று போனால் அவரவர் வீட்டுக்கு அவரவர் ரகசிய பாஷை. அப்போது திரையில் வரும் பட்டியலில், ஒன்றுவிட்ட சொந்தம்போல் தெரிகிற வேறொரு கம்பெனியின் பெயரைத் தேர்ந்தெடுத்துத் தட்டிப் பார்ப்பேன். சில சமயம் கதவு திறக்கும். திறக்காவிட்டாலும் கேபிள் சங்கடப்படாது. சற்று நேரம் யோசித்துவிட்டு, 'குறை எதுவும் இல்லை' என்று எழுதிவிடும். மௌனம் சம்மதம் என்கிற கட்சி அது.

இது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ஒருமுறை ஒரு காரின் பிரேக் யூனிட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மறந்துபோய்க் கேபிளைச் செருகினேன். பிரேக்கில் குறை எதுவும் இல்லை என்று திரை சொன்னது. யூனிட் என் டீ கிளாஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அன்று நெடுநேரம் சிரித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு எவன் வருவான்?

பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டியைச் சரிசெய்ய வருவதில்லை சார். முன்பலகையில் கண்ணை உறுத்தும் அந்த மஞ்சள் விளக்கை அணைக்கத்தான் வருகிறார்கள். அணைந்ததும் அவர்கள் முகம் தெளிவதைப் பார்க்க வேண்டும். நான் நிம்மதி கொடுத்தேன்.

என் மைத்துனன், மனைவியின் தம்பி, வாடகைக் கார் ஓட்டினான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தான். பிரேக் விளக்கு எரிகிறது, கம்பெனி சர்வீசுக்குப் போகிறேன், அக்காவிடம் இந்தப் பையைக் கொடுத்துவிடுங்கள் என்றான். எனக்குச் சுருக்கென்றது. அப்போது பட்டறையில் வாடிக்கைக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்களே, சொந்த மைத்துனனே அதை நிரூபித்துக்கொண்டிருந்தான். கேபிள் போட்டுப் பார்க்கலாமே என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"வேணாம் அத்தான். உங்க ஒயரு ஊருல எல்லா வண்டிக்கும் பழக்கம்தான். ஆனா எதுக்கும் சொந்தம் இல்லையே."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருவர் இருமுகிற சாக்கில் சிரித்தார்.

நான் கோபப்படவில்லை. சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு, அவனை உட்கார வைத்தேன். கேபிள் வழக்கம்போல 'குறை எதுவும் இல்லை' என்றது. லேப்டாப்பைத் திருப்பி நால்வருக்கும் காட்டினேன். ஆனால் விளக்கு மட்டும் அணையவில்லை. அத்தனை பேர் முன்னால் சொன்ன பிறகு அரைக்கிணறு தாண்ட முடியாது இல்லையா. ஏதோ ஒயர் லூஸ் என்று சொல்லி அவர்களை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, முன்பலகையைக் கழற்றினேன். பிரேக் விளக்கின் ஒயரை வெட்டி எண்ணெய் விளக்கின் ஒயரோடு முறுக்கி டேப் சுற்றினேன். சாவி திருப்பும்போது இரண்டும் எரியும், எஞ்சின் ஓடியதும் இரண்டும் அணையும். பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்கு. உங்கள் நிபுணர் அந்த டேப்பைத்தான் கண்டுபிடித்தார். சுத்தமான வேலை என்று அவரே எழுதியிருக்கிறார்.

திரும்பி வந்த மைத்துனன் வண்டியை ஓட்டிப் பார்த்தான். இறங்கிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்க அத்தான். நாலு பேரு முன்னால அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

மன்னித்தேன்.

பதினோராம் நாள் மழை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்திருக்கிறான். ஈரத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்க வேண்டிய யூனிட் செத்துப்போயிருந்தது. நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ள, வண்டி வழுக்கி, நின்றிருந்த லாரியின் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது. வண்டியில் அவன் மட்டும்தான்.

என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவன் வேகமா ஓட்டுறவன் இல்லையேங்க?"

மழையில் அவசரப்பட்டிருப்பான் என்றேன். அன்றிலிருந்து துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம், தம்பி அவசரப்பட்டுட்டான் என்று அவளே சொல்கிறாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். அது அவளுக்கு ஒரு பிடிமானம். பிடுங்க மனம் வரவில்லை.

ஆக, நான் கொன்றேனா என்கிறீர்கள். கேபிளை நம்பினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். தொழிலில் ஒருவன் தன் கருவியை நம்புவது குற்றம் ஆகாது.

இன்னொரு காகிதத்தை முன்னால் நகர்த்துகிறீர்களே, அது என்னுடையதுதான். கம்பெனி சர்வீசில் கொடுத்த சீட்டு. என் சொந்தக் கார், அதே பிரேக் விளக்கு. தேதியும் சரி, அதே செவ்வாய்க்கிழமைதான், மத்தியானம். என் பிள்ளைகள் ஏறுகிற வண்டி இல்லையா சார்.