தண்ணீர் ஏறிவிட்டதா

சின்னப் பாய்மரப் படகு வைத்திருப்பவனுக்குப் பாதிக் கோடை ரோட்டில்தான் போகும், ஆபீசர். பெரிய படகுக்காரர்களுக்கு ஒரே துறை, ஒரே ஏரி. நாங்கள் டிரெய்லரில் ஏற்றி வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் எந்த ஏரிக்கும் போகலாம். சட்பரியிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் ஹூரான் ஏரியின் வடகரையில் படகை இறக்கி, பாய்மரத்தை நிமிர்த்தி, ஒரு காபியும் குடித்துவிடலாம். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கோடைகூட நானும் எல்மாவும் இதைத் தவறவிட்டதில்லை.

படகு ஓட்டத் தெரிந்தவள் அவள்தான். சிறு வயதிலேயே அண்ணன் டோய்வோவோடு அந்தத் தீவுகளுக்கு நடுவில் திரிந்தவள். நான் நிக்கல் சுரங்கத்தில் இருந்தவன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், முடிச்சுப் போடத் தெரியும், சொன்னதைச் செய்யத் தெரியும். துறையில் எல்லோரும் அவளிடம்தான் காற்றைப் பற்றிக் கேட்பார்கள். என்னிடம் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

எங்கள் படகின் அடித்தளத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. நீங்களும் பார்த்தீர்கள். ரோட்டில் இழுக்கும்போது அது காலியாக இருக்கும். ஏரியில் இறக்கியதும் பின்பக்கத்து வால்வைத் திறந்தால் ஏரித் தண்ணீரே உள்ளே ஏறிக்கொள்ளும். அந்தக் கனம்தான் படகை நிமிர்த்தி வைக்கிறது. அது இல்லாமல் பாய் விரித்தால், ஒரு பலத்த காற்றுக்குப் படகு சாயும். சாய்ந்தது எழுந்திருக்காது. அதனால் இந்த மாதிரிப் படகு வைத்திருப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கரையில் இருப்பவர் சத்தமாகக் கேட்க வேண்டும், படகில் இருப்பவர் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். எங்களில் நான் கேட்பேன். வால்வு அவள் வேலை.

போன வருஷம் அவளுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் அடுப்பு, பிறகு வீட்டு வழி, பிறகு நான். இந்தக் குளிர்காலத்திலிருந்து என் பெயர் அவளுக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. என்றோ செத்துப்போன டோய்வோ என்று என்னை நினைத்துக்கொண்டாள். நான் திருத்துவதை விட்டுவிட்டேன். என் மனைவி முன்பே போய்விட்டாள், வீட்டில் இருப்பது வேறு யாரோ ஒரு பெண் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நினைத்தால் எல்லாம் சுலபமாக இருந்தது.

ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் போய்ப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு வெளியே குளம் தெரிகிறது, சனிக்கிழமை சௌனா என்கிற நீராவிக் குளியலும் உண்டு. ஆனால் எல்மா ஒரு நல்ல நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க என்னைக் கொண்டுபோய்த் தள்ளிடாதப்பா. வாக்குக் குடு."

கொடுத்தேன். நான் வாக்குத் தவறாதவன் என்று எங்களைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் குடும்பத்தார் வந்து உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எங்கள் பக்கம் கோடை ரொம்பச் சின்னது, ஆபீசர். பனி உருகி, கொசு குறைந்து, நல்ல காற்று வீசும் வாரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஞாயிறெல்லாம் அங்கே போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

அவளை இல்லத்தில் சேர்க்க அவர்கள் குறித்திருந்த வாரம் வந்தது. அதற்கு முன்னால் ஒரு தடவை தனியாகப் படகை எடுக்க வேண்டும் என்று கேட்டாள். அது அவளாகக் கேட்டது, நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கைக்கு இன்னும் எல்லாம் தெரிந்திருந்தது. பாயை இழுக்கும்போது அவளைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பக்கத்துத் துறையில் கஸ்தோன் இருந்தான். மோட்டார் படகு வைத்திருப்பவன், வாய் ஓயாதவன்.

"என்ன ரெய்னோ, பொண்டாட்டிய ஏரியில அனுப்பிட்டு நீ இங்க குளிர் காயப் போறியா? நல்ல ஆம்பளைய்யா நீ!" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் வேணா கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போகட்டுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம்பா. பார்த்தா கோவிச்சுக்குவா. நீ போய்ச் சாப்பிடு" என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

டிரெய்லரைச் சரிவில் இறக்கினேன். படகு மிதந்தது. அவளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, கொக்கிகளை நானே பூட்டினேன். துறையை ஒட்டிய தன் வீட்டு வாசலிலிருந்து கஸ்தோனும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனான். ஜூன் மாத ஆரம்பத்தில் அந்தத் தண்ணீரின் குளிருக்கு லைஃப் ஜாக்கெட்டால் எவ்வளவு பயன் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பிறகு வழக்கப்படி கரையிலிருந்து கேட்டேன்.

"தண்ணி ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு, ஏறிடுச்சு! பெரிய மேஸ்திரி மாதிரி கத்தாதே!"

அவள் வால்வுப் பக்கமே போகவில்லை. தண்ணீர் ஏறும்போது குபுகுபுவென்று ஒரு சத்தம் வரும், அது வரவில்லை. அவள் வாய் பழக்கத்தில் பதில் சொல்லும் என்று எனக்கு முன்பே தெரியும். வீட்டு வாசலில் டிரெய்லர் நிற்கும்போதே இரண்டு தடவை கேட்டுப் பார்த்திருந்தேன். அப்போதும் ஏறிடுச்சு என்றுதான் சொன்னாள்.

கயிற்றை அவிழ்க்கும்போது அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"டோய்வோ, படகு என்னமோ இன்னைக்குத் துள்ளுதே."

"சாமானையெல்லாம் இறக்கிட்டேன்ல, அதான்."

"ஓ, அப்படியா" என்றாள். என்னை நம்பினாள். நான் படகைத் தள்ளிவிட்டேன்.

துறையை ஒட்டிக் காற்று அதிகமில்லை. ஏரியைச் சுற்றி வெள்ளைப் பாறைக் குன்றுகள் தெரிந்தன. முனையைத் தாண்டினால் இரண்டு குன்றுகளுக்கு நடுவிலிருந்து காற்று திடீரென்று இறங்கும். அதை எனக்குக் காட்டிக்கொடுத்தவள் எல்மாதான். அவள் அழகாகத் திரும்பினாள், பாய் நிறைந்தது. படகு ஒரு பக்கமாகப் படுத்தது, எழுந்திருக்கவில்லை.

நான் கஸ்தோன் வீட்டுக்கு நடந்துதான் போனேன். துறைப் பலகை ஈரமாக இருந்தது, ஓடினால் வழுக்கும். கதவைத் தட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் நின்றேன். அவன் மோட்டார் படகில் அங்கே போனபோது அவள் சாய்ந்த படகைப் பிடித்தபடிதான் இருந்தாள், ஆனால் உயிர் இல்லை. எல்லோரும் என்னை அணைத்துக்கொண்டார்கள். ஆசைப்பட்டபடியே போய்ச் சேர்ந்தாள் என்றார்கள். நீங்களும் விபத்து என்றுதான் முடித்தீர்கள். பாய்மரம் உடைந்ததா என்று நான் முதலில் கேட்டதைக்கூட அதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டீர்கள். உடையவில்லை.

விசாரணைக்காக நீங்கள் வைத்திருந்த படகை எடுத்துக்கொண்டு போகத்தான் இன்று காலை இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். நல்ல காற்று, வண்டியில் மாட்டியும் விட்டேன். மாட்டியதும் என் வாய் பழக்கத்தில், "தண்ணி ஏறிடுச்சா?" என்று கேட்டது. அதனால்தான் உள்ளே வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்தேன். அவளை நான்தான் கொன்றேன். தொட்டி காலி என்று தெரிந்தே, காற்று எங்கே இறங்கும் என்று தெரிந்தே அனுப்பினேன். வாக்கைக் காப்பாற்றத்தான் என்று இவ்வளவு நாள் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

படகு சாய்ந்தபோது காற்று என் பக்கமாக வீசியதால் அவள் கத்தியது துறைவரை கேட்டது. கேட்டவன் நான் ஒருவன்தான்.

"ரெய்னோ! தண்ணி ஏத்த மறந்துட்டேன், ரெய்னோ! மன்னிச்சுக்கோ!"

என் பெயர் அவளுக்கு மறந்துவிட்டது என்று மேலே சொல்லியிருக்கிறேன். நீங்கள் எழுதிக்கொண்ட வாக்குமூலத்தில் அதை மட்டும் அடித்துவிடுங்கள்.