உடன்பிறந்த வரிகள்

ஈக்காட்டுத்தாங்கலில் வாயில் வைக்கிற மாதிரி காபி கிடைக்காது, இன்ஸ்பெக்டர் சார். கிடைத்திருந்தால் மதுவந்தி மயிலாப்பூரிலிருந்து ஃபிளாஸ்க் தூக்கிக்கொண்டு வந்திருக்க மாட்டாள். பக்கத்து மேஜைக்காரன் என்று எனக்கும் அரை டம்ளர் ஊற்றியிருக்க மாட்டாள். எழுதிக்கொள்ளுங்கள்: பெயர் வேம்பு, வயது முப்பத்துநான்கு, மேற்கு மாம்பலம், கல்யாணம் ஆகவில்லை.

கீழே லேத் பட்டறை, மாடியில் எங்கள் ஆபீஸ். பழைய பதிவுகளைக் கம்ப்யூட்டருக்குத் தோதான புது வடிவத்துக்கு மாற்றித் தருவது தொழில். நான் புரோகிராம் எழுதுவேன், மதுவந்தி பிழை பார்ப்பாள், முதலாளி நல்லசிவம் போனில் பேசுவார்.

இந்த ஜூன் மாதம் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியின் வேலை வந்தது. இரண்டாயிரம் பிறப்பதற்குள் பதிவு முழுவதும் எக்ஸ்எம்எல் என்கிற புது வடிவத்துக்கு மாற வேண்டும். நோயாளிக்கு ஒரு கோப்பு. அதிலிருந்து ஆளுக்கொரு கார்டு அச்சாகும். கார்டில் கடைசிக் கட்டம், 'இதுவரை மொத்தம்'. அந்த ஆஸ்பத்திரியில் சிவப்பாக ஒரு ஊசி மருந்து உண்டு. நல்ல மருந்து. ஆனால் ஒருவருக்கு ஆயுள் முழுக்க இவ்வளவுதான் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். தாண்டினால் இதயம் தளர்ந்துவிடும். அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் டாக்டர் அடுத்த ஊசியை எழுதுவார்.

இப்படி மாற்றுவதற்கு நாங்கள் புரோகிராம் எழுதுகிற மொழியில் ஒரு வேடிக்கை. ஓர் இடத்தில் ஓர் எண்ணைப் போட்டால் போட்டதுதான், மேலே மேலே கூட்டிக்கொண்டு போக முடியாது. அதனால் ஒவ்வொரு வரியும் திரும்பிப் பார்த்து, தனக்கு முன்னால் வந்த வரிகளைப் புதிதாகக் கூட்ட வேண்டும். எந்த வரிகளை என்று நாம்தான் சொல்ல வேண்டும். 'முன்னால் வந்தவை எல்லாம்' என்றால் அந்த ஆளின் முதல் ஊசியிலிருந்து கூட்டும். 'முன்னால் வந்த உடன்பிறப்புகள்' என்றால் அந்த ஓர் அட்மிஷனுக்குள் மட்டும் கூட்டும். அடுத்த தடவை அட்மிட் ஆனால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒரு சொல்தான் கூடுதல். முதலில் நான் சரியாகத்தான் எழுதினேன். வேலையில் எனக்கு அலட்சியம் கிடையாது.

ஆகஸ்டில் மதுவந்தி இரண்டு வாரம் வரவில்லை. தொண்ணூற்றாறில் குணமான வியாதி அவள் கணவர் ஜெயராமுக்குத் திரும்பி வந்திருந்தது. அதே ஆஸ்பத்திரி, பழைய டாக்டர் ரிடையர் ஆகி, புது டாக்டர். ஒரு சாயங்காலம் அவளை அழைத்துப்போக ஜெயராம் ஸ்கூட்டரில் வந்தார். தலையில் முடியில்லை, சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை ஊசின்னு எண்றதையே விட்டுட்டேன் சார். அதான் நீங்க பண்ற கார்டு வரப்போறதே" என்றார். நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மதுவந்திதான் இளைத்துக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரி, ஆபீஸ், ஆத்து வேலை என்று ஓடினாள். அவள் சுமையை யாராவது இறக்கிவைத்தால் தேவலை என்று தோன்றியது. மறுநாள் காலை 'உடன்பிறப்புகள்' என்கிற அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன். அரை நிமிஷ வேலை.

ஜெயராம் கோப்புக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒருத்தர் பெயரைப் போட்டுப் புரோகிராம் எழுதுவது அசிங்கம், மாட்டிக்கொள்வதும் சுலபம். விதி என்றால் எல்லோருக்கும் பொது. எனக்குப் பாரபட்சம் பிடிக்காது. குணமாகிப் போய், மறுபடி வந்து, அந்த ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

நல்லசிவத்துக்கு மாதிரி காட்ட, ஒரே அட்மிஷனோடு முடிந்த கோப்பாக எடுத்துக் கொடுத்தேன். கூட்டிப் பார்த்து பேஷ் என்றார். மதுவந்திக்கு முகவரிக் கட்டுகளைத் தள்ளிவிட்டு, மருந்துக் கட்டுகளை நானே பிழை பார்த்தேன். கணவர் விஷயமாயிற்றே, அவளுக்கு எதற்குச் சங்கடம்.

தீபாவளி முடிந்த வாரம் ஜெயராம் போய்விட்டார். இதயம். நான் மயானம் வரை போனேன்.

அப்போதே அந்தச் சொல்லை எடுத்திருக்கலாம் என்கிறீர்கள். எடுத்துவிட்டுப் புதுக் கார்டு அனுப்பினால், ஏன் இப்போது என்று கேட்க மாட்டார்களா? பத்தொன்பது நாள் அப்படியே விட்டேன். அதற்குள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் அஃப்சருன்னிசா என்று பள்ளிக்கூட டீச்சர். மற்றவர் பெயர் நினைவில் இல்லை.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து மதுவந்தி வேலைக்கு வந்துவிட்டாள். பிழை பார்க்கிறவள் இல்லையா, வீட்டிலிருந்த பழைய ரசீதுகளை வைத்து ஒவ்வொரு ஊசியாகக் கூட்டியிருக்கிறாள். கார்டில் இருந்ததைப் போல இரண்டு பங்கு வந்திருக்கிறது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மற்ற கார்டுகளையும் எடுத்துப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நிறுத்தச் சொல்லிவிட்டு, என் மேஜை முன்னால் வந்து நின்றாள். கையில் என் பழைய ஃபிளாப்பி.

"ஜூலையில நீங்க எழுதினதுல இந்த வார்த்தை இல்லையே" என்றாள்.

"இல்லை. ஆகஸ்டில் சேர்த்தேன்" என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. ஏன் சேர்த்தேன், யாருக்காகச் சேர்த்தேன் என்பதையும் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ரொம்ப நேரம் நின்றாள். "மத்த பதினோரு பேரும் உங்களுக்கு யாரு?"

"யாருமில்லை. தெரியாதவர்கள்."

அவ்வளவுதான். ஃபிளாப்பியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். செய்தது நான்தான், முழு நினைவோடு செய்தேன். கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். அவள் என்னைத் திட்டவில்லை, கை ஓங்கவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மனதில் ஒன்றும் இல்லாமலா, சார், ஒருத்தி அப்படி ஒருவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்?