கவுத்து வெச்ச தொப்பி

அந்தத் தொப்பியை மட்டும் தொடாதீங்கம்மா. கவுந்து கிடக்குதேன்னு நிமித்தி வெச்சுடாதீங்க, அது அப்படித்தான் இருக்கணும். ஏன்னு சொல்றேன். முதல்ல அந்தக் கதவைச் சாத்திட்டு வந்து உக்காருங்க. என் மருமக தெருமுனை திரும்பிட்டாளா? நல்லாப் பாத்தீங்களா? மறந்து போன பையை எடுக்கத் திரும்பி வர்ற பழக்கம் அவளுக்கு உண்டு. சரி, உக்காருங்க.

உங்களை யாரு அனுப்புனா? காது சோதிக்க வந்திருக்கீங்க, அது தெரியுது, பெட்டி மேலயே பெருசா ஒரு காதுப் படம் போட்டிருக்கே. யாரு அனுப்புனான்னு கேட்டேன். பையனா, மருமகளா? ரெண்டு பேருமா? ம்ம். டிவில எதைப் பாக்குறதுன்னே இந்த வீட்டுல ரெண்டு பேரும் ஒத்துப் போனதில்ல. சேந்து ஒரு காரியம் பண்றாங்கன்னா அதுல ஏதோ இருக்கு.

என்னம்மா அப்படி முழிக்கிறீங்க? செவிட்டுக் கிழவன்னு சொல்லி அனுப்புனாங்க, இவன் என்னடான்னா கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொல்றானேன்னா? வாயசைவைப் பாத்துச் சொல்றேன்னு வெச்சுக்குங்க. இப்போதைக்கு அப்படியே வெச்சுக்குங்க. அந்தப் போனு எதுக்கு என் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு? ரிக்கார்டு கிக்கார்டு ஓடலையே? எதுக்கும் பைக்குள்ள போட்டுடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, நான் எல்லாரையும் சந்தேகப்படுற ஆளு. பால்காரன் சிரிச்சா அன்னைக்குப் பாலை ரெண்டு தடவை பாத்துதான் வாங்குவேன்.

அதுவா? அது டைஸ், உருட்டுற பகடை. இருபது பக்கம், வேணும்னா எண்ணிப் பாருங்க. பக்கத்துல தாடி வெச்சு நிக்குதே, பொம்மை, அது நான்தான். நான்தான்மா! தாடி நல்லா வந்திருக்குல்ல? எங்க கூட்டத்துல முடி வெட்டுறவர் ஒருத்தர் இருக்காரு, அவர் பெயிண்ட் அடிச்சுக் குடுத்தது. தாடின்னா அவருக்குக் கை தானாப் போகும்.

சிரிங்க, சிரிங்க. சனிக்கிழமை மத்தியானம், ரெண்டு தெரு தள்ளி, மருந்துக்கடைக்காரர் வீட்டு மாடி. அவங்க மேஜை ஆடுதுன்னு காலுக்கு அண்டை குடுக்க என்னைக் கூப்பிட்டாங்க. வந்த வேலை முடிஞ்சா போற ஆளா நான்? மூணு வளந்த ஆளுங்க பட்டப்பகல்ல கதவைச் சாத்திட்டு, பொம்மையை வெச்சுக்கிட்டு என்ன பண்றாங்கன்னு எனக்கு ஒரே சந்தேகம். உக்காந்து பாத்தேன். உக்காந்தவன் எந்திரிக்கல, எட்டு மாசம் ஆச்சு.

கதைக்குள்ள ஆளா மாறி ஆடுற ஒரு விளையாட்டும்மா, மருந்துக்கடைக்காரர்தான் கதை சொல்வாரு. குகை வாசல்ல நிக்கிறீங்க, உள்ள வெளிச்சம் தெரியுது, என்ன பண்றீங்கம்பாரு. நாம பண்றதைச் சொல்லணும். அது பலிச்சுதா இல்லையான்னு டைஸ் சொல்லும். ஸ்கூல் வேன் ஓட்டுற அம்மா ஒருத்தங்க, அவங்க வாளை எடுத்துக்கிட்டு முன்னால நிப்பாங்க. முடி வெட்டுறவர் திருடன். நான் ட்ரூயிட். அப்படின்னா காட்டோட ஆளுன்னு வெச்சுக்குங்களேன். செடி கொடியெல்லாம் சொன்ன பேச்சு கேக்கும், காயத்தை ஆத்தலாம், நினைச்சா மிருகமாவே மாறிடலாம்.

ஆமா, நானும் எடுத்த எடுப்புல கரடிதான் ஆனேன். புதுசா வர்றவன் எல்லாம் அதைத்தான் பண்ணுவானாம். கரடியானா என்ன ஆகும்? அத்தனை பேரும் உன்னையே பாப்பான். அத்தனை அடியும் உனக்குத்தான். ரெண்டு வாரம் வாங்குனதுல புத்தி வந்துச்சு. ட்ரூயிட்டுன்னா முதல்ல தரையைப் பாக்கணும். எங்க புல்லு இருக்கு, எங்க வேரு ஓடுதுன்னு. எதிரி ஓடி வர்ற வழியில கொடியைக் கிளப்பி விட்டு அவன் காலைச் சுத்த விட்டோம்னா பாதிச் சண்டை அங்கயே முடிஞ்சுது. காயம் ஆத்துற மந்திரம் ஒண்ணை எப்பவும் மிச்சம் வெச்சிருக்கணும். சிராய்ப்புக்கெல்லாம் எடுத்து வீசிடக் கூடாது. கரடி கடைசியா. முதல்ல எலி.

எலிதாம்மா. எலியை எவன் பாக்குறான்? சுவரோரமாப் போய் ஒரு மூலையில உக்காந்தா அவனவன் மனசுல உள்ளதைக் கொட்டிக்கிட்டே இருப்பான். எங்க மேஜையில அதுக்கு ஒரு சட்டம் உண்டு. மிருகமா மாறுனேன்னா என் தொப்பியைக் கழட்டி மேஜை மேல கவுத்துடணும். தொப்பி கவுந்திருக்கிற வரைக்கும் நான் வாயைத் தொறக்கக் கூடாது. எலிக்கு ஏது பேச்சு? மத்தவங்களும் நான் அங்க இல்லாத மாதிரியேதான் பேசணும். அதுல ஒரு வேடிக்கை பாருங்க, நிஜமாவே என்னை மறந்துடுவாங்க. தொப்பி கவுந்திருக்கும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது, மருந்துக்கடைக்காரருக்கு என் ஆட்டம் பிடிக்கும், ஆனா நான் பீடி குடிச்சுட்டு வர்ற வாடை பிடிக்காதுன்னு.

ஏன், அவர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? உங்களுக்கு அவரைத் தெரியுமா? தெரியாது. சரி, நம்புறேன்.

காதா? அதுக்குத்தாம்மா வர்றேன். முப்பத்தொரு வருஷம் தகரம் அடிக்கிற மெஷின்கிட்ட நின்னவன் நான். கூட வேலை பாத்த அத்தனை பேருக்கும் காது போச்சு. நான் பஞ்சை மெழுகுல முக்கி அடைச்சுக்குவேன், கிண்டல் பண்ணுவானுங்க. அத்தனை சத்தத்துக்கு நடுவுலயும் பேரிங் தேயுற சத்தம் எனக்குத் தனியாக் கேக்கும். சூப்பர்வைசரே என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாரு. அதனால, தகரப் பட்டறைக்காரன் காது போச்சுன்னு சொன்னா எவனும் ஏன்னு கேக்க மாட்டான். புரியுதா? புரிஞ்சுடுச்சு, உங்க மூஞ்சியே சொல்லுது.

மூணு மாசம் முன்னாடி இந்த வீட்டுல குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சாங்க. நான் உள்ள வந்தா பேச்சு நின்னுடும். இவ அடுப்பைத் துடைப்பா, அவன் செருப்பைத் தேடுவான். ஒரு நாள் டிராயரைத் தொறந்தா ஒரு காகிதம். பெரிய கட்டடம், முன்னாடி தோட்டம், சிரிச்ச மூஞ்சியா ஒரு நர்ஸ். எழுத்தெல்லாம் பொடிப் பொடியா இருந்துச்சு, எனக்குக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள விடிஞ்சுடும். படத்தைப் பாத்தேன், முடிவு பண்ணிட்டேன். கிழவனை முதியோர் இல்லத்துல கொண்டு போய் விடப் போறாங்க. எப்போ, எங்கன்னு தெரிஞ்சுக்கணுமே. தொப்பியைக் கவுத்துட்டேன். மறுநாள் காலையில, என்னப்பா சாப்பிட்டியான்னு கேட்டான். ஆங்? ன்னேன்.

ஒரே வாரம்தான். நான் எலி ஆயிட்டேன். என் முன்னாலயே எல்லாப் பேச்சும். என் குறட்டை, சரக்கு லாரி மேட்டுல ஏறுற மாதிரி இருக்காம், மருமக சொல்றா. அவ சொன்ன விதத்துல எனக்கே சிரிப்பு வந்துடுச்சு, இருமி மறைச்சேன்.

அதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா எலியா இருக்கிறதுல ஒரு கெட்ட ருசி இருக்கும்மா. இன்னும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடலாம்னு தோணும். போன சனிக்கிழமை அதுதான் நடந்துச்சு. எதிரி கோட்டைக்குள்ள நான் எலி. வடக்குக் கதவுக்குப் பின்னால நாய்களைக் கட்டி வெச்சிருக்கோம்னு அவனுங்க பேசுறதா மருந்துக்கடைக்காரர் என் காதுல மட்டும் சொல்லிட்டாரு. ஓடி வந்து தொப்பியை எடுத்திருக்கணும். இவனுங்களுக்கு நம்ம வழியைக் காட்டிக் குடுத்தது யாரு, அதையும் கேட்டுட்டுப் போவோம்னு உக்காந்துட்டேன். பாத்தீங்களா, என் சந்தேகப் புத்தி. அதுக்குள்ள வெளிய நின்ன முடி வெட்டுறவர் கேக்குறாரு, அண்ணே, வடக்குக் கதவைத் தொறக்கவாண்ணே? தொப்பி மேஜை மேல. நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன். தொறந்துட்டாரு. அவ்வளவுதான், நாய்ங்க பாஞ்சு அவரோட திருடன் செத்துட்டான். காயம் ஆத்துற மந்திரம் என்கிட்ட அப்படியே இருந்துச்சு, யாருக்கும் உதவல. எட்டு மாசமா வளத்த ஆளு. அந்தத் திருடனைப் பத்தி எழுதி வெச்சிருந்த காகிதத்தை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு என்னைப் பாத்தாரு. தெரிஞ்சும் எலியாவே இருந்துட்டீங்களேண்ணேன்னாரு. திட்டியிருந்தாக் கூடத் தேவலை.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. விளையாட்டுக்கு எதுக்கு இவ்வளவு வருத்தமா? விளையாட்டுக்கு இல்லம்மா.

நீங்க பொய் ஒண்ணும் எழுத வேணாம். அந்தப் பெட்டியில இருக்கிற மெஷின் ஏதாவது ஒண்ணை என் காதுல மாட்டுங்க. மாட்டுனா நல்லாக் கேக்குதுன்னு எழுதுங்க. அது பொய்யா? கேக்குதே! நேரா அவன்கிட்டப் போய், எனக்கு எப்பவும் கேட்டுச்சுடான்னு எப்படிச் சொல்றது? அப்போ நான் பேசுனதெல்லாம் கேட்டியாப்பான்னு அவன் கேட்டா, மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சுக்குவேன்? மெஷின் வந்துச்சு, இன்னைல இருந்து கேக்குதுன்னா யாருக்கும் அவமானம் இல்ல.

என்ன பேசுனானா? ஆபீஸ் விட்டு வந்து தினமும் என் பக்கத்துல உக்காருவான். பழம் உரிச்சு என் கையில குடுத்துக்கிட்டே, சிரிச்ச மூஞ்சியா, வானிலை சொல்ற மாதிரி சொல்வான். அப்பா, வர்ற வியாழக்கிழமை எனக்கு நெஞ்சுல ஆபரேஷன்பா. இவகிட்ட தைரியமாப் பேசுறேன், ஆனா எனக்குப் பயமா இருக்குப்பா. நான், ஆங்? ம்பேன். ஒண்ணும் இல்லப்பா, பழம் இனிக்குதான்னு கேட்டேன்னு கத்துவான். அந்தக் காகிதத்துல இருந்தது ஆஸ்பத்திரிம்மா.

இன்னைக்குச் செவ்வாய்.

இருங்க. கேட்டுச்சா? கீழ கேட்டுக் கதவைத் தொறக்குற சத்தம். உங்களுக்குக் கேக்காது. அவன்தான், இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டான். ஒண்ணு, ரெண்டு, மூணாவது படி. நின்னுட்டான். மூச்சு வாங்குறான். முன்னெல்லாம் ரெண்டு ரெண்டு படியா ஏறி வருவான்.

மாட்டுங்கம்மா, சீக்கிரம். எந்தக் காதா இருந்தா என்ன? அந்தத் தொப்பியை இப்படிக் குடுங்க.