கட்டிப்போட்ட முள்

விளாங்குடி வேன், கார் ஓட்டுநர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் அண்ணன் சின்னச்சாமி அவர்களே! அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, நான் மைக்கைப் பிடித்த நொடியிலிருந்து கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருக்கும் பொருளாளரும், என்னைப்போலவே மீட்டர் மாட்டும் கடை வைத்திருப்பவருமான தம்பி சிவபாண்டி அவர்களே! வெயிலில் வெந்து, புகையில் நனைந்து, ஊரையே சுமந்து திரியும் ஓட்டுநர் பெருமக்களே! வண்டி வீடு திரும்பும்வரை வாசலையே பார்த்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் நின்றுகொண்டு பிரியாணி எப்போது என்று கேட்கும் என் அருமைப் பங்காளிகளே! அனைவருக்கும் இந்த அப்துல் லத்தீப்பின் ஸலாமும் வணக்கமும்.

முனிச்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காருக்குள் மீட்டர் மாட்டிப் பிழைக்கிறவன் நான். எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டர், இன்ஜின் சூடு காட்டும் மீட்டர், பேட்டரி மீட்டர், எல்லாம் மாட்டுவேன். "ரெண்டு நிமிஷம் வாழ்த்திப் பேசுங்க பாய்" என்று அழைத்தீர்கள். மன்னிக்க வேண்டும். நான் வாழ்த்த வரவில்லை. வயிறெரிந்து வந்திருக்கிறேன்.

என்ன மாப்ள, உக்காரச் சொல்றியா? உக்கார்றதுக்கு என் கடையிலயே ஸ்டூல் இருக்கு. நான் பேசத்தான் வந்தேன்.

இன்றைக்கு இந்த மேடையில் நான்கு தீர்மானங்கள். நான்காவது என்ன? இந்தச் சங்கத்தின் ஒரே பெண் ஓட்டுநர், அந்தா ஓரமாக உட்கார்ந்திருக்கும் பாண்டிமீனாவை ஸ்டாண்டிலிருந்து நீக்குவது! என்ன குற்றம் செய்தாள் அந்தப் பெண்? சித்திரை வெயிலில், மாட்டுத்தாவணியில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, சமணர் மலை பார்க்கக் கீழக்குயில்குடிக்குப் போனாள். போகிற வழியில் இன்ஜின் கொதித்து ஜாம் ஆகி, நடு ரோட்டில் வேன் நின்றது. பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி ஒடித்ததால் ஒன்பது உயிர் பிழைத்தது. பயணிகளை இறக்கிவிட்டுப் பானட்டைத் திறந்தவளின் வலது கை ஆவியில் வெந்தது. அந்தக் கைக்குக் கட்டு அவிழ்ப்பதற்குள் இங்கே தீர்மானம் எழுதிவிட்டீர்கள்! "பொம்பளைக்கு மீட்டர் பாக்கத் தெரியல." இதுதானே உங்கள் தீர்ப்பு?

தெரியாதா? அவளுக்கா தெரியாது?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து நான் கேட்டேன். "அண்ணே, ஏசி போட்டு இந்த வெயில்ல போறோமேன்னு நிமிஷத்துக்கு ஒருக்கா பாத்தேண்ணே. முள்ளு நடுவுலதாண்ணே நின்னுச்சு. அசையவே இல்ல" என்றாள். அசையவே இல்லை என்றாளே, அந்த ஒரு வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. பழுதுபார்க்க இழுத்து வந்த வேனுக்குள் ஏறி, அந்தச் சூடு மீட்டரைக் கழற்றினேன். இதோ என் கையில் இருக்கிறது. பாருங்கள். நன்றாகப் பாருங்கள்! ஏழு கலரில் எரியும். பாட்டுக்குத் தகுந்தாற்போல் மினுக்கும். ஆனால் இதன் முதுகில் இருக்கவேண்டிய முக்கியமான ஒயர் எங்கே? இன்ஜினில் தண்ணீர் ஓடும் குழாயில் சென்சார் பொருத்தி, அங்கிருந்து வரவேண்டிய ஒயர் எங்கே? இல்லை! அந்த இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு ரெசிஸ்டர், மின்சாரத்தை ஒரே அளவில் நிறுத்திவைக்கும் துண்டு. அதை வைத்து முள்ளை நடுவில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். இன்ஜின் குளிர்ந்தாலும் நடு. கொதித்தாலும் நடு. பற்றி எரிந்தாலும் நடு!

யார் செய்தது என்கிறீர்களா? பேர் சொல்லவா தம்பி சிவபாண்டி? இல்ல நீங்களே சொல்றீங்களா? ஏன் எந்திரிக்கிறீங்க? தண்ணி குடிங்க. உக்காந்து குடிங்க.

அவர் மட்டுமா? இந்தத் தொழிலில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது ஐயா. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் கடையில் கூட்டம் அம்புட்டு இருக்கும். "அண்ணே, சீட் கவர் நீலம், நீல லைட்டு மீட்டர் இருக்கா?" என்று கேட்பார்கள். எந்த வண்டிக்கு எந்த மீட்டர் பொருந்தும், வெயிலில் எண் தெரியுமா, ஸ்டியரிங்கிலிருந்து கண் எடுக்காமல் பார்க்க எங்கே மாட்டலாம் என்று ஒருவராவது கேட்டதுண்டா? சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டுவிடுவீர்கள். மாலைக்குப் பின்னால் முள் எங்கே நிற்கிறதென்று எவன் பார்த்தான்?

அடுத்த வாரமே திரும்பி வருவீர்கள். "பாய், முள்ளு மேல ஏறுது, பயமா இருக்கு. கொஞ்சம் எறக்கி வைங்க." முள்ளை இறக்கச் சொன்னீர்களே தவிர, ரேடியேட்டரைப் பார்க்கச் சொன்னீர்களா? ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் மூன்று தடவை வந்து கத்தினார். நானும் கட்டிப்போட்டேன். ஆமாம், நான்தான்! இந்தக் கையால்தான்! மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, அவர் திட்டத் திட்ட அதைப் பிடுங்கி எறிந்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு கோபம்.

தலைவரே, முகம் சுளிக்கிறீர்கள். "ஏதோ ஒரு வண்டியில நடந்ததுக்கு ஊரையே பேசுறாரு" என்று நினைக்கிறீர்கள். சரி. உங்கள் கார் காலை ஒன்பது மணியிலிருந்து வெளியே வேப்ப மர நிழலில் நிற்கிறது. இப்போது மணி ஒன்று. இன்ஜின் ஆறிப்போயிருக்கும். ஆறிய இன்ஜினில் சாவி போட்டால் சூடு மீட்டரின் முள் எங்கே இருக்க வேண்டும்? அடியில்! எங்கே? அடியில்! தாய்மார்கள் சரியாகச் சொல்கிறார்கள், தலைவரே. சாவியைக் குடுங்கண்ணே. தம்பி அசீம், நீங்களும் இந்த ஸ்டாண்டில் வண்டி ஓட்டுறவர்தானே, இந்தாங்க. ஸ்டார்ட் பண்ண வேணாம், சாவிய மட்டும் திருப்பிப் பாத்துட்டு வாசல்ல நின்னு சொல்லுங்க.

அவர் வருவதற்குள் ஒன்று கேட்கிறேன். இதே இடத்தில் ஒரு ஆண் ஓட்டுநரின் இன்ஜின் ஜாம் ஆகியிருந்தால் தீர்மானம் எழுதியிருப்பீர்களா? "வண்டி காலை வாரிருச்சு மாப்ள" என்று டீ வாங்கிக் கொடுத்திருக்க மாட்டீர்களா? வண்டி ஓட்டித்தான் அவள் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். அவள் சோற்றில் மண்ணைப் போட உங்களுக்கு ஒரு காகிதம் போதுமா?

ஆங், அசீம்! சத்தமா! எங்க நிக்குது?

நடுவுலயா?

இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி, மேடைக்குக் கேக்கல. நடுவில்! தலைவர் காரிலும் நடுவில்! பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாளைக்குக் கொடைக்கானல் போகிறேன் என்று காலையில் என்னிடம் சொன்னீர்களே அண்ணே, அந்த மலையில் இந்த முள்ளை நம்பியா ஏறப்போகிறீர்கள்?

எங்கய்யா எல்லாரும் எந்திரிச்சு ஓடுறீங்க? சாவிய எடுத்துக்கிட்டா? ஓடுங்க! போய்ப் பாருங்க! பார்த்துவிட்டு வந்து நான்காவது தீர்மானத்துக்குக் கை தூக்குங்கள். தம்பி சிவபாண்டி, நீங்களும் போங்க. எத்தனை வண்டியில் கட்டினீர்களோ அத்தனையையும் அவிழ்த்துக் கொடுங்கள். நானும் கூட வாரேன், என் ஸ்பானரோடு.

பாண்டிமீனா, நீ எதுக்கும்மா எந்திரிக்கிற? நீ உக்காரு. இந்த மண்டபத்தில் மீட்டரைப் பார்த்து வண்டி ஓட்டினேன் என்று சத்தியம் செய்யக்கூடிய ஒரே ஆள் நீதான்.

தலைவரே... நாலாவது தீர்மானம் வேணாம்னு அந்தக் காகிதத்தை மடிச்சு என்கிட்டயா நீட்டுறீங்க? என்கிட்ட வேணாம்ணே. அந்தா உக்காந்திருக்கா பாருங்க, நேராப் போய் அவ கையில குடுங்க. வலது கையில கட்டு இருக்கு, இடது கையில குடுங்க.

ஆத்திரத்தில் அளவு மீறியிருந்தால் பெரியோர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், சொன்னதில் ஒன்றையும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். ரெண்டு நிமிஷம் என்று கொடுத்த மைக்கை இவ்வளவு நேரம் பிடுங்காமல் இருந்த உங்களுக்கு நன்றி. பத்திரமாகப் போய்ச் சேருங்கள். வணக்கம்.