பெல்ஜியம் பரோட்டா

இந்த இடத்துல ஒரு சின்னக் கதை சொல்லிடுறேன். தலைவர் வாட்ச்சைப் பார்க்கிறார்... பார்க்கட்டும். வீட்டு உரிமையாளர் சங்கக் கூட்டத்துல கதை எதுக்குன்னு நினைப்பார். காரணம் இருக்கு.

மானாமதுரையில பூமிநாதன்னு ஒருத்தர் பரோட்டாக் கடை வச்சிருந்தார். சுவர்ல பெரிய பெல்ஜியம் கண்ணாடி, அதுக்குக் கீழ ஒரு மேசை. மரக்கடை சாத்தையா தினமும் அங்கதான் உட்காருவார். அவருக்குப் பல்லெல்லாம் எடுத்தாச்சு. ஆனா பரோட்டாவை விட மனசில்லை. என்ன பண்ணினார்?

"பூமி, பரோட்டாவைப் பிச்சு சுடுபால்ல ஊற வை. வாழைப்பழத்தைப் பிசைஞ்சு போடு. மேல ஒரு கரண்டி சால்னா ஊத்து."

பால்... பழம்... சால்னா. முகத்தைச் சுளிக்காதீங்கம்மா, மனுஷன் ரசிச்சுச் சாப்பிட்டார்.

பக்கத்து மேசைக்காரங்க சும்மா இருப்பாங்களா? "அவர் சாப்பிடுறாரே, அதுல எனக்கும் ஒண்ணு." ஆளாளுக்குக் கேட்க ஆரம்பிச்சாச்சு. இப்ப அதுக்கு ஒரு பேர் வேணும். பூமிநாதன் அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்தார். போர்டுல எழுதிட்டார்... பெல்ஜியம் பரோட்டா.

பால் பரோட்டான்னு எழுதியிருந்தா யார் வாங்குவா? ஒரு வெளிநாட்டுப் பேர் வந்ததும் நாக்குக்கே மரியாதை வந்திருச்சு. கல்யாண வீட்டுக்கெல்லாம் போக ஆரம்பிச்சுது. "பந்தியில பெல்ஜியம் உண்டா?"ன்னு கேட்டுட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டுல தேதியே குறிச்சாங்க.

இப்படி இருக்கிறப்ப... நிஜமாவே ஒரு பெல்ஜியம்காரர் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்.

பேர் லூக்காஸ். தஞ்சாவூர்ல தங்கிக் கடம் கத்துக்கிட்டவர். தமிழ் பேசுவார், ஆனா புத்தகத்துத் தமிழ். மானாமதுரையில தனக்கு ஒரு கடம் செய்யச் சொல்லியிருந்தார். மழையில சூளை நனைஞ்சு வேலை தள்ளிப் போச்சு. சூளை பிரிக்கிறப்ப நேர்ல நின்னு, தட்டிப் பார்த்து, சத்தம் பிடிச்சதை எடுத்துக்கணும். ஆள் இல்லைன்னா நல்ல கடம் அடுத்தவர் கைக்குப் போயிடும். அதனால அவர் ஊர்லயே தங்கியாகணும். அங்க இருந்தது ஒரே லாட்ஜ். நடத்தினவர் சீமைச்சாமி, பூமிநாதனோட மச்சினன்.

சீமைச்சாமி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பெல்ஜியம். ரூம் சாவியைக்கூடக் குடுக்கலை, நேரா மச்சான் கடைக்குக் கூட்டிட்டு வந்துட்டார். கடை முழுக்கக் கூட்டம். தட்டு வந்துச்சு. லூக்காஸ் ஒரு வாய் வச்சார்... நிறுத்திட்டார்.

"ஐயா, இது என்ன?"

"உங்க ஊர் பரோட்டா தம்பி."

"எங்கள் நாட்டில் இது இல்லை ஐயா. பரோட்டாவே இல்லை."

சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. சீமைச்சாமி மச்சானை ஓரமா இழுத்துட்டுப் போனார்.

"மச்சான், ஆளு சரியில்லை."

"பாஸ்போர்ட்டைப் பார்த்தேன்னு சொன்னியே மாப்ள."

"பாஸ்போர்ட்டை எவன் வேணாலும் அடிச்சுக்கலாம். நாக்கை அடிக்க முடியுமா? ஊரே திங்குது, இவனுக்கு மட்டும் தெரியலையாம்."

"அந்தப் பேரை நான்தானே மாப்ள வச்சேன்..."

"சும்மா இருங்க மச்சான். அடுத்த வாரம் கல்யாண ஆர்டர் இருக்குல்ல?"

பூமிநாதன் பரோட்டாக் கல்லுக்குத் திரும்பிப் போயிட்டார்.

லூக்காஸோட பை லாட்ஜ் வாசலுக்கு வந்துச்சு. "ரூம் இல்லை தம்பி."

"ஒரு அறை காலியாக இருக்கிறதே ஐயா."

"அது பெல்ஜியம்காரங்களுக்கு."

மனுஷன் பையோட பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்துட்டார். மழை வேற. பஸ் ஏறினா கடம் போச்சு. ஏறலைன்னா தங்க இடமில்லை. யோசிச்சார்... மறுநாள் சாயங்காலம் அதே கடைக்கு வந்தார். அதே தட்டைக் கேட்டார். எல்லாரும் கையைக் கழுவாம நின்னு பார்க்கிறாங்க. பொறுமையா, கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டார். கண்ணை மூடிக்கிட்டார்.

"ஐயா, நேற்று பயணக் களைப்பு. நாக்கு மரத்திருந்தது. இது... என் அம்மா செய்வதுதான்."

அப்புறம் மெதுவா, "அம்மா சால்னா மட்டும் கொஞ்சம் குறைவாக ஊற்றுவார்"ன்னார்.

சீமைச்சாமி கண்ணைத் துடைச்சுக்கிட்டார். "பார்த்தீங்களா மச்சான், மூஞ்சியைப் பார்த்ததுமே சொன்னேன்ல, அசல் பெல்ஜியம்னு." பையை அவரே தூக்கிட்டுப் போனார். காலி ரூம் கிடைச்சுது, கடமும் கிடைச்சுது. பூமிநாதன் போர்டுல இன்னொரு வரி சேர்த்தார்... ஒரிஜினல் பெல்ஜியம், சால்னா குறைவாக.

சிரிச்சீங்க, சந்தோஷம். இப்ப நம்ம தெருவுக்கு வருவோம். போன மாசம் ஒடிசாவுலேருந்து ஒரு நர்ஸ் பொண்ணு வீடு கேட்டு வந்துச்சு. நம்ம சங்கத்துக்காரர் ஒருத்தர், பேர் வேண்டாம், என்ன சொன்னார்? "வடநாட்டுக்காரங்க மூணு வேளையும் சப்பாத்தி சுடுவீங்க, சுவர் கறுத்துப்போகும்." அந்தப் பொண்ணு சொல்லுது, "சார், நாங்க சோறு சாப்பிடுறவங்க." இவர் விடலை. "அதெப்படிம்மா, உங்க ஊர்ல சப்பாத்திதானே?" கதவைச் சாத்திட்டார்.

அவங்க வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா, நமக்குத் தெரியுமா?

லூக்காஸ் உண்மை சொன்னார், பை வாசலுக்கு வந்துச்சு. பொய் சொன்னார், ரூம் திறந்துச்சு. பொய் சொன்னது அவர்... சொல்ல வச்சது யாரு?

நாளைக்கு உங்க வாசல்ல ஒருத்தர் வந்து நிப்பார். ஊர் பேரைச் சொல்லுவார். உடனே அந்த ஊரைப் பத்தி அவருக்கே பாடம் எடுக்காதீங்க. அவரைப் பேச விடுங்க, காது குடுத்துக் கேளுங்க... நமக்குப் பிடிச்ச மாதிரி பொய் சொல்ல அவர் கத்துக்கிறதுக்கு முன்னாடி.