நாக்குக்கு அடியில்

மாத்திரை விழுங்க வெதுவெதுப்பான தண்ணீர்தான் நல்லது. குளிர்ந்த தண்ணீரில் தொண்டை இறுகிக்கொள்ளும். முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் அம்மா. குனிந்தபடியே எழுதுகிறீர்களே, கழுத்து பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். என் அலமாரியில் நீங்கள் கண்டெடுத்த அந்தப் புட்டியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

எங்கள் காகித ஆலையில் ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். குடித்துவிட்டு வேலைக்கு வந்து பிடிபட்ட ஆளை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் ஒரு வருடம் தவணை கொடுப்பது. அந்த வருடம் முழுக்க, வேலைக்குப் போகுமுன் அவர் என் அறைக்கு வர வேண்டும். ஒரு கருவியில் ஊத வேண்டும். என் கண்முன்னால் ஒரு மாத்திரை விழுங்க வேண்டும். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி வரும். அந்தப் பயமே ஆளைக் காப்பாற்றும். விழுங்கின மாதிரி நடிப்பவர்களும் உண்டு என்பதால் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். ஒருமுறை சறுக்கினால் ஒரு வாரம் வேலை கிடையாது. திரும்பி வந்தபின் முதல் நாளிலிருந்து மறுபடி ஒரு வருடம்.

என் வீட்டில் குடிகாரர் யாராவது இருந்தார்களா என்று கேட்டீர்கள். இல்லை. என் கணவர் டீயைக்கூட ஆறவைத்துத்தான் குடிப்பார். அவர் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. நீங்கள் நினைக்கிற மாதிரி கதை எதுவும் என்னிடம் இல்லை.

ஆரம்பத்தில் எட்டுப் பேர் வந்தார்கள். ஒவ்வொருவராகத் தேறிப் போனார்கள். கடைசியில், பின்னால் வந்து சேர்ந்த கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர்தான் மிச்சம். கூரைக்குக் கீழே ஒரு கூண்டில் உட்கார்ந்து, யானை கனக்கும் காகித உருளைகளை எடுத்து வைப்பவர். அதனால் எல்லோரும் அவரை மேல்வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என் கதவுக்கு வெளியே ஒரு முறை செருமிவிட்டு உள்ளே வருவார். ஊதுவார், விழுங்குவார், நாக்கைத் தூக்கிக் காட்டுவார். பிறகு ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருப்போம். பெரிதாக ஒன்றுமில்லை. மனைவி வாங்கிய புதுச் செருப்பு கடித்தது, மேலே கூண்டில் புறா முட்டை வைத்தது, இப்படித்தான்.

அவர் வெளியே போகும்போது உருளைகளுக்குச் சங்கிலி மாட்டுகிறவன் வழக்கமாகச் சீண்டுவான்.

"என்ன மேல்வீட்டுக்காரரே, பள்ளிக்கூடம் விட்டாச்சா? நாக்கக் காட்டினீங்களா?"

"காட்டிட்டேன்டா. உன் நாக்கத்தான் டீச்சர் பார்க்கணும்கறாங்க. ரொம்ப நீளமாம்."

உள்ளே இருந்து கேட்டுச் சிரிப்பேன்.

ஒருநாள் மேலாளர் வந்தார். "நல்ல சேதி சிஸ்டர். இந்தாளும் முடிச்சுட்டா திட்டத்த மூடிடலாம். இந்த ரூம்ல பழைய ஃபைல அடுக்கிக்கறோம். நீங்க பெரிய டிஸ்பென்சரிக்குப் போயிடுங்க" என்றார். மறுநாள் மேல்வீட்டுக்காரரும் அதையே வேறு விதமாகச் சொன்னார்.

"இன்னும் ஒன்றரை மாசம் சிஸ்டர். அப்புறம் என் தொல்லை உங்களுக்கு விட்டுது."

"தொல்லைன்னு யார் சொன்னா?"

"சும்மா சொன்னேன். நேரா மேல ஏறிடலாம்ல. வீட்டுக்காரியும் காலைல பத்து நிமிஷம் கூடத் தூங்குவா."

அவ்வளவு லேசாகச் சொன்னார். நான் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தேறிவிட்டோம் என்று நினைக்கிறவர்கள்தான் விழுவார்கள், எனக்குத் தெரியும். அவருக்கு இன்னும் ஒரு வருடம் கிடைத்தால் நல்லது என்று பட்டது. ஒரு சின்னச் சறுக்கல் போதும்.

என் கால்வலிக்கு நான் போடும் கால்சியம் மாத்திரையும் வெள்ளைதான், வட்டம்தான், நடுவில் கோடு போட்டதுதான். அடுத்த நாளிலிருந்து அதைக் கொடுத்தேன். அவருடைய மாத்திரை அந்தப் புட்டியிலேயே தங்கியது. நான் அதைத் தூக்கிப் போடக்கூட இல்லை, கவனித்தீர்களா. மறைக்கிற புத்தி இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

மூன்று வாரம் அவர் குடிக்கவில்லை. மாத்திரையின் துணை இல்லாமலேயே குடிக்காமல் இருந்தார். அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு மனிதர் குணமாகிவிட்டார் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அப்புறம் காகிதத் தூசியில் அவருக்கு இருமல் வந்தது. என்னிடம் ஒரு பழைய டானிக் இருந்தது, சாராயச் சத்து சேர்ந்தது. இப்போது அதெல்லாம் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. தினமும் ஒரு மூடி கொடுத்தேன். நான்காம் நாள் அவர் மூடியை வாங்காமல் நின்றார்.

"இது வேணாமே சிஸ்டர். வாய்ல பழைய ருசி வருது."

"இருமிக்கிட்டே மேல உட்கார்ந்தா கை ஆடாதா? தப்பான மருந்தா இருந்தா இந்நேரம் வாந்தி எடுத்திருக்க மாட்டீங்களா? மாத்திரைதான் உள்ள இருக்கே."

நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. அவரும் தலையாட்டினார். டானிக் புட்டியை வீட்டுக்கே கொடுத்தனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அவர் கதவுக்கு வெளியே செருமவில்லை. நேராக உள்ளே வந்து உட்கார்ந்தார். ஊதினார். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"எனக்கு ஏன் ஒண்ணுமே ஆகல சிஸ்டர்? மாத்திரை தினம் போடறேனே. நேத்து அர பாட்டில். வாந்திகூட வரல." மேசையிலிருந்த பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "எழுதிடுங்க. இன்னிக்கு நான் மேல ஏற வேணாம். வீட்டுக்கு அனுப்பிடுங்க. அவகிட்ட நானே சொல்லிக்கறேன்."

நான் நினைத்தது நடந்துவிட்டது. எழுதியிருந்தால் மறுபடி ஒரு வருடம். ஆனால் அன்று அவர் என் முன்னால் உட்கார்ந்திருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அந்த எட்டுப் பேரில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எழுதினால் ஒரு வாரம் வரமாட்டார். அந்த நிலையில் ஒருவரை ஒரு வாரம் தனியாக விடுவது சரியாகப் படவில்லை. பதிவேட்டில் சுழியம் என்று எழுதினேன். தண்ணீர் கொடுத்தேன். "ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க. நாளைக்குப் பேசலாம்" என்றேன்.

ஒன்பது நாள் அப்படி எழுதினேன். முதல் இரண்டு நாள் எழுதிவிடச் சொல்லிக் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். சங்கிலிக்காரன் சீண்டினால் பதில் சொல்வதையும் விட்டுவிட்டார். ஒன்பதாம் நாள் மத்தியானம் கூண்டிலிருந்து இறங்கும்போது ஏணியில் கை நழுவியது. முதலில் ஓடிப்போனது நான்தான். மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

ரத்தத்தில் சாராயம் இருந்தது. என் ஏட்டில் இல்லை. மேலே போய்க் குடித்திருப்பார் என்று மேலாளர்தான் சொன்னார், நான் சொல்லவில்லை. நான் மறுக்கவுமில்லை. துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சிஸ்டர். நீங்க குடுத்த மாத்திரைய அவர் நிஜமா முழுங்கினாரா?"

"என் எதிர்லதான்மா வாயில போட்டுக்கிட்டார்" என்றேன். பிறகு, "நாக்குக்கு அடியில ஒளிச்சுக்கறவங்களும் உண்டு. எத்தனைதான் பார்க்க முடியும் சொல்லு" என்றேன்.

அவள் பிடித்திருந்த கை தளர்ந்தது. "அப்போ ஒரு வருஷமா என்ன ஏமாத்திட்டுத்தான் இருந்திருக்கார்" என்றாள். அதன்பிறகு அவள் அழவில்லை. சுவரில் இருந்த அவர் படத்தையும் கழற்றிவிட்டாளாம்.

அதிலிருந்து ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவுக்கு வெளியே செருமல் கேட்கிறது. காகிதத் தூசி, யாருக்கு வேண்டுமானாலும் தொண்டை கமறும். கதவைத் திறந்தால் யாரும் இருப்பதில்லை. ஒரு நாள் காலி நாற்காலியைப் பார்த்து "நாக்கைத் தூக்குங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, கொஞ்ச நேரம், யாரோ வாயைத் திறந்து வைத்துக் காத்திருக்கிற மாதிரி அறை அப்படியே இருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை.

ஆக, மாத்திரையை மாற்றியது நான். டானிக் கொடுத்தது நான். அவர் கெஞ்சியும் எழுதாமல் மேலே ஏற்றிவிட்டதும் நான். மூன்றையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் அம்மா. அவர் மனைவிக்கு ஆலையிலேயே காகிதக் கட்டுப் போடும் பிரிவில் வேலை கொடுத்திருக்கிறார்கள். அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. தினமும் காலையில் வருவாள், ராத்திரிக்கு நான் ஒரு மாத்திரை கொடுத்தனுப்புவேன். போன வாரம், "இப்பல்லாம் தானாவே தூக்கம் வருது சிஸ்டர், இனிமே வேணாம்" என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். அன்றிலிருந்து ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தனுப்புகிறேன்.