கீரிக் கடலில் மேய்ந்த சுவேதினி

எங்கள் ஆய்வு நிலையத்தில் தேத்தண்ணி எப்போதும் நன்றாக இருக்கும். நீங்களும் குடியுங்கோ, ஆறுதலாகச் சொல்கிறேன்.

கடற்பசுக்களின் குரலைக் கேட்கக் கீரிக் கடலுக்குள் ஒலிவாங்கிகள் போட்டிருக்கிறோம். ஒன்றில் ஏதாவது கேட்டால் அது ஒரு நிகழ்வு. அந்த நொடியே பல நாட்டு ஆய்வாளர்களின் திரைகளுக்கும் எங்கள் மீனவர்களின் போன்களுக்கும் தானாகப் போய்விடும். மென்பொருளை எழுதியவள் நான். குறை ஒன்றுதான்: நிகழ்வு எதுவும் நிகழவில்லை. ஆய்வாளர்கள் இணையக் கூட்டங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே பழைய ஒலிப்பதிவிலிருந்து கடற்பசுவின் கீச்சொலி ஒன்றை எடுத்து, அப்போதுதான் கேட்டதுபோல அனுப்பினேன். வரைபடங்கள் சிவந்தன. கூட்டத்தில் யாரோ விம்மியதுகூடக் கேட்டது. கொழும்பு மாணவி ஒருத்தி அதற்குத் தன் தங்கையின் பெயரை வைத்தாள்: சுவேதினி.

பெயர் வைத்த பிறகு பட்டினி போட முடியுமா? அவளை வடக்கு ஒலிவாங்கியின் பக்கம் மேயவிட்டேன். ஞாயிறுகளில் ஓய்வு கொடுத்தேன். எனக்குப் பூசைக்குப் போகவேண்டும். அவள் நிற்கும் பக்கம் வலை போடவேண்டாம் என்று மீனவர்களுக்குச் செய்தி போகும் என்பதால், மீன் குறைந்த இடமாகப் பார்த்தே வைத்திருந்தேன். நான் இரக்கமில்லாதவள் அல்ல.

அக்காவின் கணவர் கிறகரிக்கு மட்டும் சந்தேகம்.

"பெற்றிசியா, நான் நாள் தவறாமல் கடலுக்குப் போறன். உந்தச் சுவேதினியை ஒருக்காலும் காணேல்லையே."

"அவளுக்கு வெக்கம், அத்தான்."

பிறகு தெற்கு ஒலிவாங்கியில் வேறொரு கீச்சொலி வந்தது. நான் அனுப்பாதது. உண்மையான கடற்பசு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் என் ஒலிப்பதிவு பிடிபட்டுவிடும். தெற்கிலிருந்து வருவதையெல்லாம் இரைச்சல் என்று ஒதுக்கும்படி மென்பொருளில் ஒரு வரி சேர்த்தேன். ஆகவே தெற்கில் வலை போடவேண்டாமென்று யாருக்கும் செய்தி போகவில்லை.

அத்தான்தான் அந்தக் கடற்பசுவைக் கரைக்கு இழுத்து வந்தார். மூக்குவரை வலை சுற்றியிருந்தது. வயிற்றில் குட்டி.

"போன் சத்தம் போடேல்லை, பிள்ளை. சத்தியமாப் போடேல்லை," என்று மணலில் குந்தியிருந்து சொல்லிக்கொண்டேயிருந்தார். பாவம், தன் பிழை என்று நினைத்துவிட்டார். நானும் மறுக்கவில்லை.

அதற்குள் எல்லா நாடுகளிலிருந்தும் ஒரே கேள்வி: செத்தது சுவேதினியா? அவர்களைத் தவிக்கவிட மனம் வரவில்லை. நிலையக் கந்தோருக்குப் போய் வடக்கிலிருந்து ஒரு கீச்சொலி அனுப்பினேன். எல்லோரும் நன்றி சொன்னார்கள்.

ஓம், எல்லாம் செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கோ. ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கோ: என் பொறுப்பில் இருந்த கடற்பசுவுக்கு இன்றுவரை ஒரு கீறல்கூட விழவில்லை.